பச்சைப் பெட்டியில் தட்டியது யார்

கொஞ்ச காலம் எங்கள் சைட்டில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அண்ணி முதலில் அவர்களைப் பச்சைப் பெட்டியின் பக்கம் அழைத்துப் போய், தகரத்தை ஒரு தட்டு தட்டச் சொல்வார். வந்தவர் ஒன்றும் புரியாமல் தட்டுவார். அண்ணி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நீ இல்லப்பா. போ, போய் வேலையப் பாரு" என்பார். ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி அந்த ஆளும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அண்ணிக்குக் கிறுக்கு என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசியவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து சாயங்காலங்களில் யாரோ தட்டினார்கள், திறந்தால் ஆள் இல்லை. அந்தப் பெட்டிக்குள் இனிமேல்தான் ஒருவர் மாட்டிக்கொள்ளப் போகிறார், அவர் யார் என்பதை அதற்கு முன்னால் கண்டுபிடித்தாக வேண்டும். அண்ணி தேடியது அந்த ஆளைத்தான்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணன் மனைவி. நான் சைட்டில் எலெக்ட்ரீஷியன், அவர் ஸ்டோர்கீப்பர். சாமான் வைக்கிற கண்டெய்னர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் வாயில் அது பெட்டிதான். சித்தாளாக வந்து சேர்ந்தவர். எந்த ஆணி எந்த மூலையில் கிடக்கிறது என்று அவரைக் கேட்டால்தான் தெரியும் என்று ஆனபோது, சாவிகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு பெரிய இரும்பு வளையம், அதில் எல்லாப் பெட்டிகளின் சாவிகளும். அதை வலது கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு சைட்டைச் சுற்றி வருவார்.

பெட்டி விஷயத்தில் அவரிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. கேஸ் சிலிண்டர் எதுவும் உள்ளே போகக் கூடாது, வெளியே கம்பிக் கூண்டில் நிமிர்ந்து நின்று சங்கிலியில் இருக்க வேண்டும். பெயிண்டும் தின்னரும் தனிப்பெட்டியில், அதன் காற்றுத் துளைகளை மறைத்து எதையும் அடுக்கக் கூடாது. காலையில் கதவு இரண்டையும் அகலத் திறந்து, கொக்கியில் மாட்டி, கொஞ்ச நேரம் விட்டு, மூக்கை நீட்டி மோந்து பார்த்த பிறகுதான் காலை உள்ளே வைப்பார். மத்தியானத்தில் யாராவது நிழலுக்கு உள்ளே படுத்தால் துடைப்பம் வரும். "உள்ள படுக்கிறவன் நடந்துதான் போவான். வரும்போது நாலு பேரு தூக்கிட்டு வரணும்" என்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. யார் உள்ளே போனாலும் பூட்டைக் கழற்றிக் கையோடு உள்ளே எடுத்துப் போக வேண்டும். "பூட்டு உன் பாக்கெட்டுல இருந்தா, உன்னை வச்சு யாரு பூட்ட முடியும்?" என்று கேட்பார். பூட்டும் முன் இடது உள்ளங்கையால் தகரத்தில் ஓங்கி அறைந்து, "உள்ள யாரு?" என்று ஒரு குரல் கொடுப்பார். பதில் வரவில்லை என்று மனசு ஒப்புக்கொள்ளும் வரை நின்றுவிட்டுத்தான் பூட்டுவார். வீட்டிலும் இதே கதைதான். "ராத்திரி பீரோவைப் பூட்டும்போதும் தட்டித்தான் பூட்டுவா. உள்ள என் மாமியாரு ஒளிஞ்சிருக்காங்களோ என்னமோ" என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

அந்தத் தட்டுக்கு முதன்முதலில் பதில் வந்தது பெயிண்ட் பெட்டியிலிருந்து. பூட்டிவிட்டுத் திரும்பியவர் காதில் விழுந்திருக்கிறது. உடனே திறந்து, டப்பாக்களை எல்லாம் நகர்த்திப் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும்.

"எப்படிக் கேக்குது அண்ணி?"

"ஒரு டம். உடனே பக்கத்துலயே ஒரு டிக். டம், டிக். டம், டிக். அவசரமா தட்டுறாங்க தம்பி. பயந்துபோய்த் தட்டுற மாதிரி இருக்கு."

இன்ஜினியர் சாரிடம் சொன்னோம். அவர் நல்ல மனிதர்தான். வெயிலில் விரிந்த தகரம் சாயங்காலம் குளிரும்போது சுருங்கும், அப்போது இப்படித்தான் சத்தம் போடும் என்று பொறுமையாக விளக்கினார். நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. அண்ணியும் தலையை ஆட்டினார். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் சத்தம் வந்தபோதெல்லாம் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். "தகரம் சுருங்குதுங்க, தப்பில்ல. ஆனா அது ஏன் பயப்படணும்?" என்று வழியெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே வருவார். நான் கேலி செய்வேன்.

ஒரு நாள் மத்தியானம் பெயிண்ட் பெட்டிக்குள் விளக்கு எரியவில்லை என்று நான் உள்ளே போனேன். சட்டப்படி பூட்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கடைசி அலமாரிக்குப் பின்னால் குனிந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒயரை இழுத்துக்கொண்டிருந்தேன். வெளியே திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பெயிண்டர் ஓடி வந்திருக்கிறான். பெட்டி திறந்து கிடக்கிறது, பூட்டைக் காணோம். எவனோ பூட்டைத் திருடிவிட்டான் என்று முடிவுகட்டி, பெயிண்ட் நனையாமல் இருக்கட்டும் என்று கதவைச் சாத்தி, தன் டூல் பெட்டியின் பூட்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டானாம். வாசல் வெளிச்சம் போனதும் நான் குரல் கொடுத்தேன், டார்ச் வாயில் இருந்ததால் அது "ஊம், ஊம்" என்றுதான் வந்தது. மழையில் அது எங்கே கேட்கும்? எங்கள் சட்டத்தை நான் மீறவில்லை, அவனும் கெட்டது நினைக்கவில்லை. பூட்டு என் பாக்கெட்டில் இருந்ததால்தான் நான் பூட்டப்பட்டேன்.

டார்ச் விழுந்து அணைந்துபோக, இருட்டில் கதவை நோக்கிப் பாய்ந்ததில் தின்னர் டின் ஒன்றைத் தட்டிவிட்டேன். மூடி கழன்று தரையெல்லாம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றத் தொடங்கியது. நான் கத்தினேன். கதவைக் குத்தினேன். மழை விட்டது எனக்குத் தெரிந்தது, கூரை அமைதியாகிவிட்டது. அப்புறமும் குத்தினேன். வெளியே ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள், சிரித்தார்கள், யாரோ தும்மியதுகூடக் கேட்டது. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் போகிறார்கள், ஒருவரும் நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. பிறகு என்ன ஆனது என்று தெரியாது.

விழித்தபோது மண்ணில் படுத்திருந்தேன், அண்ணி என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில்தான் விவரம் சொன்னார்.

"சாயங்காலம் பூட்ட வந்தேன். வேற பூட்டு தொங்குது. சரி, பெயிண்டர் பூட்டிட்டான்னு நினைச்சேன். தட்டினேன், குரல் குடுத்தேன், பதில் இல்ல. போயிருப்பேன் தம்பி. ஆனா தினமும் வர்ற சத்தம் அன்னிக்கு வரல. நின்னு பாத்தேன், வரவே இல்ல. கட்டரைக் கொண்டாந்து பூட்டை வெட்டினேன்."

"நான் தட்டினேனே அண்ணி! மழை விட்டப்புறமும் தட்டினேனே!"

"சத்தியமா ஒருத்தருக்கும் கேக்கல."

தின்னர் நெடி தலைக்கேறினால் தட்டியதாகத் தோன்றும், கை அசைந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். விரல் முட்டிகள் எல்லாம் தோலுரிந்து ரத்தம் கட்டியிருந்தன. அண்ணி அந்தக் கையைப் பார்த்தார். முட்டியை இல்லை, மணிக்கட்டைப் பார்த்தார். என் வாட்சின் ஸ்டீல் செயின் எப்போதும் தொளதொளவென்று ஆடும். சரிசெய்யச் சொல்லி அவரே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார்.

"இந்தக் கட்டில் கம்பில ஒரு குத்து குத்து" என்றார்.

குத்தினேன். டம். வாட்ச் பின்னாலேயே போய் இடித்தது. டிக்.

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. யாரோ பக்கத்தில் கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் தணிந்த குரலில் சொன்னார்: "நீ அன்னிக்குத் தட்டினதெல்லாம் முன்னாடி நாளுங்களுக்கே வந்து சேந்துடுச்சு தம்பி. அன்னிக்குன்னு ஒண்ணும் மிச்சம் இல்ல."

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி தட்டவே இல்லை. வெயில் அடித்தது, தகரம் விரிந்தது, சுருங்கியது. ஒரு முனகல்கூட இல்லை. கொஞ்ச நாளில் அதை லாரியில் ஏற்றி எடுத்துப் போய்விட்டு, டூல்களுக்கென்று வேறொரு கம்பெனியிடமிருந்து பச்சைப் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி ஒன்று வைத்துத் தரச் சொல்லி அண்ணி இன்ஜினியரிடம் போய் நின்றார். "அம்மா, இது சாமான் வைக்கிற பெட்டி. ஆள் இருக்கிற பெட்டி இல்ல. வாடகைப் பெட்டியில ஓட்டை போட்டா கம்பெனிக்காரன் நஷ்டத்தை என் தலையில கட்டுவான்" என்றார் அவர். அதற்குப் பதிலாக, பூட்டும் முன் உள்ளே பார்க்கவும் என்று ஒரு எச்சரிக்கைப் பலகை மாட்டிக் கொடுத்தார். பலகை அழகாக இருந்தது. பச்சைப் பெட்டி வந்த முதல் வாரத்திலேயே தட்டத் தொடங்கிவிட்டது.

இந்தத் தடவை நானும் கேட்டேன். அண்ணி கூப்பிட்டார், பூட்டிய பெட்டியின் தகரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே, என் காதுக்கு நேராக, மெத்தென்று ஒரு டம். தொடர்ந்து மணல் உதிர்கிற மாதிரி ஒரு சலசலப்பு. நான் பின்னால் தாவியதில் மண்வெட்டி தடுக்கி விழுந்தேன். என் தட்டு மாதிரி இதில் அவசரம் இல்லை. பொறுமையாக, விட்டுவிட்டு, யாராவது வருவார்கள் என்று நம்பித் தட்டுகிற தட்டு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்கு அதுவே கவலை. தட்டுகிற நாள் நல்ல நாள். தட்டாத நாள் வந்தால் அன்றைக்கு உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். எந்த நேரம் என்று தெரியாது, நாங்கள் பக்கத்தில் இருப்போமா என்பதும் தெரியாது. அதனால்தான் அண்ணி எல்லோரையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். கார்ப்பெண்டர் தட்டியபோது பாக்கெட்டில் ஆணிகள் குலுங்க, அண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பாவம், அந்த மனிதரைப் பெட்டிப் பக்கமே விடவில்லை. சுத்தியல் வேண்டுமென்றால்கூட அண்ணியே கொண்டுபோய்க் கொடுத்தார். அப்புறம் நான் காது வைத்துக் கேட்டு, ஆணிச் சத்தம் இதைவிடக் கூர்மை என்று சொன்ன பிறகுதான் அவருக்கு விடுதலை. கொத்தனார், கம்பி கட்டுகிறவர்கள், லிஃப்ட் ஓட்டுகிறவர், இன்ஜினியர் சார்கூட ஒரு நாள் சிரித்துக்கொண்டே தட்டினார். யாருடையதும் இல்லை.

அண்ணிக்குக் காய்ச்சல் வந்து படுத்த அன்று சாவி வளையம் என் கைக்கு வந்தது. சாயங்காலம் பச்சைப் பெட்டியின் கதவைச் சாத்தினேன். அண்ணி செய்கிற மாதிரியே தட்டிக் குரல் கொடுக்க வேண்டுமே என்று கையை ஓங்கினேன். அவர் எப்போதும் இடது கையால் தட்டுவார். நான் பழக்கமில்லாமல் வளையம் மாட்டிய வலது கையாலேயே குத்திவிட்டேன்.

டம். சாவிகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன. மணல் உதிர்கிற மாதிரி.

அங்கேயே நின்றேன். என் கை கனமானது, என் தட்டு முரட்டுத் தட்டு. நான் கேட்டது மெத்தென்ற கை. இந்தச் சைட்டில் எல்லோரையும் தட்டச் சொன்ன ஒருவர், தான் மட்டும் தட்டிப் பார்க்கவில்லை. பூட்டினேனா என்று இரண்டு தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணி போர்வைக்குள் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டிருந்தார். மறைக்க எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். வளையத்தை அவர் கையில் மாட்டி, சுவரில் குத்தச் சொன்னேன். குத்தினார். மெத்தென்று ஒரு டம், பின்னாலேயே மணல் உதிர்கிற அதே சலசலப்பு.

"அப்ப நான்தான்" என்றார் அண்ணி.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்குப் போக வேணாம்" என்றார் அண்ணன். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற மனிதர், மாத்திரை அட்டையைக் கையில் நசுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் போகலன்னா இந்த வளையம் வேற ஒருத்தர் கைல இருக்கும். அப்பவும் தட்டத்தானே செய்யும்?" அண்ணி வெந்நீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். "சாவுக்குப் பயம் இல்லைங்க. எல்லாரையும் தட்டிப் பாத்து வெளிய எடுக்கிறவ நான். நான் உள்ள இருந்தா, என்னைத் தட்டிப் பாக்க யாரு இருக்கா? அதை நினைச்சாத்தான்..." போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பெட்டிமேல், பலகைமேல், என்மேல். விடிந்ததும் வெல்டரிடம் போய் நின்றேன். அவன் என்னோடு சேர்ந்து சுற்றுகிறவன், தலைகீழாக நின்றாவது காரியத்தை முடிப்பவன். "ஒரு ஓட்டைதானே? கொண்டி வழியாவே பண்ணிடலாம்" என்றான்.

பூட்டு மாட்டுகிற இரும்புக் கொண்டி கதவோடு ஆணியடித்து இறுகியிருந்தது. அந்த ஆணிகளை அறுத்துவிட்டு, கொண்டியை ஒரே ஒரு தடித்த திருகாணியில் நிறுத்தினான். திருகாணியின் மறுமுனை கதவுக்கு உள்பக்கம் வந்தது. அதில் பெரிய கைப்பிடி. வெளியேயிருந்து எவனாலும் கழற்ற முடியாது. உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருகினால் கொண்டி பூட்டோடு சேர்ந்து கழன்று வெளியே விழும், எந்தப் பூட்டு மாட்டியிருந்தாலும் சரி. கைப்பிடிக்கு இருட்டில் மினுங்குகிற பெயிண்ட் அடித்தோம். பெயிண்டர்தான் அடித்தான். ஒரு கோட்டு போதும் என்றோம், அவன் மூன்று கோட்டு அடித்தான்.

சாப்பாட்டு வேளையில் இன்ஜினியர் அந்தப் பக்கம் வந்தார். தீப்பொறி பறப்பதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாத அந்தப் போனில் பேசிக்கொண்டே வேறு பக்கம் நடந்துபோனார்.

காய்ச்சல் முழுசாக விடாமலே அண்ணி சாயங்காலம் வந்துவிட்டார், அண்ணனும் கூட வந்தார். ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள். அண்ணி உள்ளே நுழைந்து கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார், திருகவில்லை. வெளியே வந்தார். இடது கையால் அறைந்து, "உள்ள யாரு?" என்றார். நின்றார். பூட்டைப் போட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அண்ணன் என் தோளை இறுகப் பிடித்திருந்தார்.

டம். சலசல.

கொஞ்சம் விட்டு இன்னொரு டம். பிறகு தகரத்தின்மேல் ஏதோ தடவுகிற சத்தம், சாவிகள் உரசிக்கொண்டே மேலும் கீழும் போயின, இருட்டில் கை தேடுகிற மாதிரி. கதவின் நடுவில் வந்து நின்றது. அப்புறம் இரும்பு கிரீச்சிட்டது. எங்கள் கண்முன்னால் திருகாணி மெல்ல மெல்லச் சுற்றியது. கொண்டி பூட்டோடு சேர்ந்து கழன்று மண்ணில் விழுந்தது.

கதவு உள்ளேயிருந்து தள்ளித் திறந்தது. உள்ளே மண்வெட்டிகளும் கடப்பாரைகளும் ஒயர்ச் சுருள்களும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. ஆள் இல்லை. எங்களைக் கடந்து ஏதோ போனது என்று அண்ணன் இன்றும் சொல்கிறார். எனக்குத் தெரியாது, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணி அசையவே இல்லை. வலது கையை, அந்த வளையத்தை, இடது கையால் பொத்திப் பிடித்திருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு முகம்.

"வெளிய வந்துட்டேன் தம்பி" என்றார். "பாத்தீங்களா? நான் வெளிய வந்துட்டேன்."

கொண்டியை எடுத்துத் திரும்ப முறுக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். பச்சைப் பெட்டி அதற்குப் பிறகும் தட்டுகிறது. அண்ணி நிஜமாகவே உள்ளே மாட்டிக்கொள்ளப் போகிற அந்த நாள் இன்னும் வரவில்லை. தட்டு கேட்டால் அண்ணி இப்போது திறந்து பார்ப்பதில்லை, கைப்பிடி கிரீச்சிடும் வரை நின்று கேட்டு, விழுந்த கொண்டியைத் திரும்ப முறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புகிறார்.